பத்து விரலுக்கும் பளபளப்பு: ஜெல், அக்ரிலிக், மருதாணி... நகத்துக்கு எது நல்லது?

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது. சென்னை அண்ணா நகரில் துணிக்கடைக்கு மேல் மாடியில் ஒரு நெயில் ஸ்டூடியோ. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் அடிக்கிறது நெடி. பெயின்ட் கடை நெடியும் பல் மருத்துவரின் அறை நெடியும் கலந்த ஒன்று. கல்யாணப் பெண் வலது கையை ஒரு சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் நீட்டியிருக்கிறார். உள்ளே ஊதா வெளிச்சம். "சூடா இருந்தா கையை வெளிய எடுத்துடுங்க மேடம்" என்கிறார் எதிரே முகக்கவசத்துடன் குனிந்திருக்கும் பெண். மணப்பெண் வெடுக்கென்று கையை இழுக்கிறார், உதறுகிறார், மறுபடி உள்ளே வைக்கிறார்.

பக்கத்தில் அம்மா. "நாளைக்கு மருதாணி வைக்கணுமேம்மா, இதுக்கு மேல பிடிக்குமா?" விரலில் பிடிக்கும், நகத்தில் பிடிக்காது. அந்தப் பேச்சு அதோடு நிற்கிறது.

அடுத்த நாற்காலிக்காரர் போட்டுக்கொள்ள வரவில்லை, சரிசெய்ய வந்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்பு போட்ட ஜெல் ஓரத்தில் தூக்கிக்கொண்டது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக உரித்துவிட்டார். பூச்சோடு நகத்தின் மேலடுக்கும் வந்துவிட்டது. இப்போது நகம் வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பி, அழுத்தினால் காகிதம்போல வளைகிறது. அதை மறைக்க மேலே இன்னொரு பூச்சு கேட்கிறார்.

விலை எவ்வளவு, எத்தனை நாள் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பெரும்பாலோர் இந்த முறைகளை ஒப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரை வேறு இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுகிறது. போட்டது எப்படிக் கழலும்? கழலும்வரை அந்தத் திரவம் யாருடைய தோலில் பட்டுக்கொண்டிருக்கும்? நகம் கெடுவதற்கும், அதைவிடப் பெரிய தொல்லைகளுக்கும், விடை பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

அரை மில்லிமீட்டர் தகடு

நகம் என்று நாம் பார்ப்பது உயிரில்லாத கெரட்டின் தகடு. கை நகத்தின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கிறது. அந்த நகவேரின் முன் விளிம்பைத்தான் நகத்தின் அடியில் வெள்ளைப் பிறையாகக் காண்கிறோம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வர 4 முதல் 6 மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். இன்று சுரண்டி மெலிய வைத்த நகம் தானாக ஆறாது. வளர்ந்து, வெட்டுப்பட்டு, வெளியேறத்தான் வேண்டும்.

நகத்தின் அடியில் தோலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய விளிம்பு க்யூட்டிகிள். தண்ணீரும் கிருமியும் உள்ளே இறங்காமல் அடைத்து வைத்திருப்பது அதுதான். பார்லரில் முதலில் கத்தரி படுவதும் அதன்மேல்தான்.

"நகம் மூச்சுவிட வேண்டும், அதற்காகக் கொஞ்ச நாள் பூசாமல் விடுங்கள்" என்று சொல்வார்கள். நகம் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டியதை ரத்தம் கொண்டுவருகிறது. ஆனால் இடைவெளி தேவைதான். அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவும், கெட்ட பகுதி வளர்ந்து வெளியேறவும் அது வேண்டும்.

பழைய புட்டிக்கு இருக்கும் ஒரு பெருமை

சாதாரண நெயில் பாலிஷ் நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்தது. கரைப்பான் ஆவியானதும் படலம் மிஞ்சும், அவ்வளவுதான். 1932-இல் ரெவ்லான் நிறுவனம் அடர் நிறமிகளைக் கொண்டு பாலிஷ் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. வேதிவினை எதுவும் நடக்காததால், கரைந்து வந்தது மறுபடி கரைந்தே போகும். ரிமூவர் நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்தித் துடைத்தால் தீர்ந்தது. நான்கைந்து நாளில் நுனி பெயரும், பாத்திரம் தேய்த்தால் இரண்டே நாளில் போகும் என்று குறை சொல்கிறோம். நகத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது குறையே இல்லை.

இதற்கும் எச்சரிக்கைகள் உண்டு. அடர் சிவப்பை நேரடியாகப் பூசினால் நகம் மஞ்சளாகும். அடியில் பேஸ் கோட் ஒரு கை பூசினால் தவிர்க்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக வாரக்கணக்கில் பூசிக்கொண்டே போனால் வெள்ளைத் திட்டுகள் வரும். பூசுவதை நிறுத்தினால் போய்விடும். நகம் கெட்டிப்பட என்று விற்கும் ஹார்ட்னர்களில் ஃபார்மால்டிஹைடு இருந்தால், முதலில் கெட்டியாகும் நகம் நாளடைவில் நொறுங்கத் தொடங்கும்.

டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் இல்லை என்பதற்குத்தான் புட்டிகளில் "3-ஃப்ரீ" என்று போடுகிறார்கள். ஒன்றை எடுத்த இடத்தில் எதைப் போட்டார்கள் என்பதை அந்த முத்திரை சொல்வதில்லை. அப்படிப் பல பாலிஷ்களில் வந்தது டிரைஃபீனைல் பாஸ்பேட். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. அதில் 26 பேர் பங்கேற்றார்கள். பாலிஷ் பூசி 10 முதல் 14 மணி நேரத்துக்குள், அந்தப் பொருள் உடலில் சிதைந்து உண்டாகும் வேதிப்பொருள் அவர்களின் சிறுநீரில் ஏறக்குறைய ஏழு மடங்காகியிருந்தது. கையுறை போட்டு அதன்மேல் ஒட்டிய செயற்கை நகத்தில் பூசியபோது அப்படி ஏறவில்லை. அதாவது மூக்கு வழியாக அல்ல, விரல் வழியாகவே உள்ளே போயிருக்கிறது. "நகம்தானே, தோலா என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஜெல்: உலர்வதில்லை, உறைகிறது

ஜெல் பாலிஷ் புட்டியும் தூரிகையும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் பலர் அதைக் கெட்டியான பாலிஷ் என்று நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. புட்டியில் இருப்பவை அக்ரிலேட், மெத்தக்ரிலேட் என்னும் சிறு மூலக்கூறுகள். விளக்கொளி பட்டதும் அவை ஒன்றோடொன்று பிணைந்து நெடுஞ்சங்கிலிகளாகி நகத்தின் மேல் பிளாஸ்டிக்காக உறைகின்றன. அந்த வினையில் வெப்பம் வெளிப்படும். மணப்பெண் கையை இழுத்தது அதனால்தான். பூச்சு தடிமனாக இருந்தாலோ நகம் முன்பே மெலிந்திருந்தாலோ சூடு அதிகமாகத் தெரியும்.

உறைந்த பிறகு இரண்டு வாரம் அசையாது. சமையலறைக்கும் துணி துவைக்கவும் போய்வரும் கைகளுக்கு அது பெரிய வசதி. 2010-இல் சி.என்.டி. நிறுவனத்தின் ஷெல்லாக் சந்தைக்கு வந்த பிறகு, பாலிஷ் போலப் பூசி ஜெல் போல நிற்கும் இந்த வகை உலகமெங்கும் பரவியது.

கழற்றும் முறை இது: மேல் பளபளப்பை மட்டும் லேசாக அரத்தால் உரசி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, ஃபாயில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். தானாகத் தூக்கிக்கொண்டதை மரக்குச்சியால் தள்ள வேண்டும். தள்ளும்போது வரவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றிவைக்க வேண்டும். பொறுமை மட்டுமே கேட்கும் வேலை. ஆனால் வாசலில் அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கும் முகூர்த்த நாளில் முதலில் வெட்டுப்படுவது இந்த நேரம்தான். இரும்புக் கரண்டியால் சுரண்டுவதும், சுழலும் மோட்டார் அரத்தை நகத்தின்மேல் வைத்து ஓட்டுவதும் அப்போது நடக்கின்றன. நகத்தில் வளைவாகச் சிவந்த பள்ளம் தெரிந்தால் அரம் ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள்.

அசிட்டோன் நகத்தையும் தோலையும் உலர்த்தும், உண்மை. இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவினால் பெரிதும் சரியாகும். உரித்த நகமோ நான்கு மாதம் கேட்கும். ஜெல் போட்டதால் நகம் மெலிந்தது என்று வருகிறவர்களில் பலருக்கு, மெலியக் காரணம் ஜெல்லை எடுத்த விதம். மெலிந்ததை மறைக்க மறுபடி ஜெல், அதை எடுக்க மறுபடி சுரண்டல். இந்தச் சுற்றை உடைக்க ஒரே வழி, நான்கைந்து மாதம் குட்டையாக வெட்டி, எண்ணெய் தடவி, வெறும் நகத்தோடு இருப்பது.

[பெட்டி] ஊதா வெளிச்சத்துக்கு எவ்வளவு பயப்படலாம்?

ஜெல் விளக்குகள், எல்.இ.டி. என்று விற்பவை உட்பட, யூ.வி.ஏ. கதிரை உமிழ்கின்றன.

2014-இல் ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வந்த ஆய்வு, 16 பார்லர்களில் 17 விளக்குகளை அளந்தது. விளக்குக்கு விளக்கு கதிரின் அளவு பெரிதும் மாறியது. ஓரிரு முறை போவதால் ஆபத்து குறைவு என்றே அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

2023-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் எலி, மனித செல்களைத் தட்டில் வைத்து இந்த விளக்கில் காட்டினார்கள். ஒரே 20 நிமிட அமர்வில் 20 முதல் 30 சதவீத செல்கள் இறந்தன. அடுத்தடுத்து மூன்று அமர்வுகளில் 65 முதல் 70 சதவீதம். தப்பிய செல்களின் டி.என்.ஏ.விலும் சேதம் இருந்தது. தட்டில் இருக்கும் செல்லுக்கு நம் தோலின் மேலடுக்குப் பாதுகாப்பு கிடையாது. பார்லரில் விளக்கு எரிவதும் சில நிமிடங்களே. ஆகவே இதைப் புற்றுநோய்க்கான சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது: எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு போகலாம், அல்லது விரல்நுனி வெட்டிய அடர் நிறக் கையுறை போட்டுக்கொள்ளலாம். வெளிச்சத்தால் தடிப்பு வரும் நோய் உள்ளவர்களும், தோலை வெளிச்சத்துக்கு அப்படிக் கூசவைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் இந்த விளக்கைத் தவிர்ப்பதே நல்லது.

வெளியே தெரியாத பெரிய ஆபத்து

விளக்கைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பேசாத ஒன்று ஒவ்வாமை. என் கணக்கில் இந்தக் கட்டுரையின் மையமே இதுதான்.

உறைந்து முடிந்த ஜெல் ஏறக்குறையச் சாது. உறையாத திரவம் அப்படியல்ல. அது தோலில் மறுபடி மறுபடி பட்டால், உடல் அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளலாம். குறிப்பாக ஹெமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தக்ரிலேட். முதல் நாளே வராது. மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் விரல்நுனி அரிக்கும், தோல் வெடிக்கும், நகத்தடி வலிக்கும், நகம் அடியிலுள்ள சதைப் படுக்கையை விட்டுக் கழன்று மேலே தூக்கும். சிலருக்குக் கையில் ஒன்றுமே இருக்காது. கண் இமையும் கழுத்தும் தடிக்கும். விரல் தொட்ட இடமெல்லாம் திரவம் போயிருக்கிறது. முகத்துக்குப் போடும் க்ரீமை மாற்றிப் பார்த்து, சோப்பை மாற்றிப் பார்த்து, நகத்தைச் சந்தேகிக்க நெடுநாள் ஆகிவிடும்.

ஒருமுறை வந்த இந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் நிற்கும். நகப்பூச்சை விட்டுவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது, ஏனென்றால் இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் மருத்துவத்தில் நிறைந்திருக்கின்றன. பல் அடைக்கும் வெள்ளைப் பசை, பல்செட், மூட்டு மாற்று அறுவையில் செயற்கை மூட்டை எலும்போடு பொருத்தும் சிமென்ட், சர்க்கரை அளவைப் பார்க்கத் தோலில் ஒட்டும் சில சென்சார்களின் பசை ஆகியவற்றில் அக்ரிலேட் உண்டு. நம் ஊரில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பமே அரிது. இருபது வயதில் அழகுக்காகப் போட்ட பூச்சு, ஐம்பது வயதில் முழங்கால் அறுவைக்கு முன்பு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டிய செய்தியாக வந்து நிற்கலாம். இதை எந்த ஸ்டூடியோவின் விலைப்பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2012-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது அக்ரிலேட்டுகளைத்தான். 2018-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் செயற்கை நகங்கள் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது; அதன் ஆய்வில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்தக் குடும்பத்தில் ஒன்றாவது ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதி கொண்டுவந்து, நகப்பூச்சில் ஹெமாவைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. 2025 செப்டம்பர் 1 முதல், ஜெல்லை உறையத் தூண்டும் டி.பி.ஓ. என்னும் பொருளை அங்கே முழுவதுமாகத் தடைசெய்துவிட்டார்கள். விலங்குகளில் இனப்பெருக்கத்தைப் பாதித்தது என்ற சான்றின் பேரில் வந்த தடை அது.

நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. இணையத்தில் விளக்கும் ஆறு புட்டியும் சேர்ந்த பெட்டி சல்லிசாகக் கிடைக்கிறது. விடுமுறையில் அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றிப் பூசிக்கொள்கிறார்கள். ஒரு கம்பெனி ஜெல்லுக்கு இன்னொரு கம்பெனி விளக்கு. மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் பாதி உறைந்திருக்காது. தோலில் வழிந்ததை விரலாலேயே துடைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் இந்தப் பெட்டியைக் கொடுக்கவே கூடாது. வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் மூலப்பொருள் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் இந்திய அழகுசாதன விதிகள் அந்தப் பட்டியலைக் கேட்கின்றன. இறக்குமதிக்குப் பதிவும் வேண்டும். இரண்டும் இல்லாத புட்டியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

மேசைக்கு அந்தப் பக்கம்

வாடிக்கையாளர் மாதத்துக்கு இரண்டு முறை தொடும் திரவத்தை, நகம் செய்பவர் நாளெல்லாம் தொடுகிறார். ஒவ்வாமை முதலில் வீழ்த்துவது அவரைத்தான், அதோடு பிழைப்பும் போகிறது.

உலகின் நகத்தொழிலே இடம்பெயர்ந்த பெண்களின் உழைப்பில் நிற்பது. 1975-இல் கலிஃபோர்னியாவின் வியட்நாம் அகதிகள் முகாமுக்கு வந்த நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் வியந்தார்கள். தன் நகக்கலைஞரையே அழைத்துவந்து இருபது பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார் அவர். இன்று அமெரிக்காவில் நகத்தொழில் செய்வோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வியட்நாமிய வம்சாவளியினர். 2015-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், நியூயார்க் நகக்கடைகளில் நிலவிய கூலிச் சுரண்டலையும் வேதிப்பொருள் பாதிப்பையும் விரிவாக எழுதிய பிறகே அந்த மாநில அரசு அசைந்தது. நம் நகரங்களில் இந்த மேசைகளுக்குப் பின்னால் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள் பலரைப் பார்க்கலாம்.

அவர்களுக்கு என்ன வேண்டும்? மேசையிலேயே நெடியை உறிஞ்சும் காற்றுப்போக்கி. சாதாரணத் துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அக்ரிலேட் மெல்லிய ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை கொஞ்சம் தாங்கும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே கையுறையோடு நாள் முழுக்க வேலை வாங்கும் முதலாளி, பணியாளரின் கையைக் காக்கவில்லை. ஜன்னலே இல்லாத ஏ.சி. அறையில் கண் எரிகிறது என்றால், ஒரு மணி நேரம் உட்காரும் உங்களுக்கே அப்படி, அங்கேயே பத்து மணி நேரம் இருப்பவருக்கு எப்படி என்று எண்ணிப்பார்த்து, வாய்திறந்து கேளுங்கள். பணம் கொடுப்பவர் கேட்டால்தான் அந்தக் காற்றுப்போக்கி வரும்.

அக்ரிலிக், டிப், ஒட்டு நகம்

நெயில் எக்ஸ்டென்ஷன் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் அக்ரிலிக்கோ கெட்டி ஜெல்லோதான். அக்ரிலிக் என்பது திரவத்தையும் பொடியையும் தூரிகை நுனியில் கலந்து நகமாக வடிப்பது. பல் மருத்துவத்திலிருந்து வந்த பொருள், அதனால்தான் அந்த நெடி. விளக்கு வேண்டாம், மிக உறுதி, விரும்பிய நீளம். அந்த உறுதிதான் ஆபத்தும். நீண்ட நுனி கார் கதவில் மாட்டினால் அது நெம்புகோலாக வேலை செய்யும். அக்ரிலிக் உடையாது, அடியில் இருக்கும் சொந்த நகம் படுக்கையிலிருந்து பெயரும். லேசாகத் தூக்கிய இடைவெளியில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். பச்சை தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

திரவத்தில் எத்தில் மெத்தக்ரிலேட் இருக்க வேண்டும். மலிவு என்பதற்காக மெத்தில் மெத்தக்ரிலேட் கலப்பவர்கள் உண்டு. நகம் கழன்றும் ஒவ்வாமையோடும் வந்த புகார்களை அடுத்து, 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நூறு சதவீதம் அந்தத் திரவம் கொண்ட நகப்பொருள்கள்மீது நடவடிக்கை எடுத்தது. மூக்கைத் துளைக்கும் நெடி, கல்லைப் போன்ற இறுக்கம், அசிட்டோனில் எவ்வளவு நேரம் ஊறினாலும் இளகாமை ஆகியவை தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

டிப் பவுடர் முறையில் சயனோஅக்ரிலேட் பசை தடவி விரலைப் பொடியில் முக்குகிறார்கள். எல்லோர் விரலும் ஒரே டப்பாவில் முங்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். பொடியைத் தூவச் சொல்லலாம்.

ஒருநாள் விசேஷத்துக்கு மட்டும் நீள நகம் வேண்டும் என்றால் என் ஓட்டு பிரஸ்-ஆன் என்னும் ஒட்டு நகத்துக்கு, அதுவும் பசை அல்லாமல் ஒட்டுப்பட்டை வைத்து. வரவேற்பு முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துக் கழற்றிவிடலாம். பசையே வேண்டும் என்றால் ஓர் எச்சரிக்கை: அந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் திடீரென்று கொதித்துத் தோலைச் சுடும். பருத்திச் சட்டையில் கொட்டி ஆழமாகப் புண்ணான குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

பூச்சே இல்லாத மேனிக்யூரிலும் ஒரு கண்ணி

ஊறவைத்து, வெட்டி, தேய்த்து, க்ரீம் தடவி அனுப்பும் சாதாரண மேனிக்யூர் எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று தோன்றும். க்யூட்டிகிளை வெட்டாதவரை சரி. வெட்டினால் அடைப்பு திறந்துவிடுகிறது. அப்போது வருவதுதான் நகச்சுத்து. எலுமிச்சம்பழத்தில் துளைபோட்டு விரலைச் செருகிவைப்பது நம் வீடுகளின் பழைய வைத்தியம். சீழ் கோத்துத் துடிக்கும் விரலுக்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள். மோட்டார் அரத்தால் க்யூட்டிகிளைச் சுத்தமாக வழித்தெடுக்கும் ரஷ்ய மேனிக்யூர் படத்தில் அழகாக இருக்கும். நகவேருக்கு அருகில் அவ்வளவு நுட்பமாக அரம் ஓட்டத் தெரிந்த கை மிகக் குறைவு. ஊறவைத்த பிறகு மெதுவாகப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள், போதும். கத்தரியும் கருவியும் எப்படிக் கிருமிநீக்கம் ஆகின்றன என்று கேளுங்கள். ஊதா விளக்கு எரியும் அலமாரியில் வைப்பது மட்டும் போதாது. நீராவி ஆட்டோகிளேவ் இருக்கும் கடைக்குப் போங்கள், இல்லையென்றால் சொந்தக் கருவியைக் கொண்டுபோங்கள்.

செவிலியர் விரலில் நீள நகம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர மருத்துவமனை ஒன்றில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1997-98 காலத்தில் சூடோமோனாஸ் தொற்று பரவியது. 46 குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது. அவர்களில் 16 பேர் இறந்தார்கள். ஆராய்ந்தபோது இரண்டு செவிலியரின் பராமரிப்போடு தொடர்பு தெரிந்தது. ஒருவருக்கு நீளமாக வளர்த்த சொந்த நகம், மற்றவருக்குப் பொருத்திய நகம். அதுவே காரணம் என்று முடிவாக நிரூபிக்க இயலவில்லை. ஆனாலும் நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது, சொந்த நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கைச்சுகாதார வழிகாட்டுதல் 2009-இல் சொன்னதற்குப் பின்னால் இத்தகைய அனுபவங்கள் இருக்கின்றன. நகத்தடியில் கிருமி தங்குவது மருத்துவமனையில் மட்டுமல்ல. கைக்குழந்தை இருக்கும் தாயும், மெஸ் நடத்துபவரும், படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளும் குட்டை நகத்தோடு இருப்பதே சரி.

[பெட்டி] பூச்சுக்கு அடியில் நகம் சொல்வது

வெளிறிய நகம், கரண்டி போலக் குழிந்த நகம்: இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில் வருடம் முழுக்க நகத்தை மூடிவைத்தால் இது கண்ணில் படாது.

குறுக்கே பள்ளக் கோடு: இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு வந்த கடும் காய்ச்சலின் தடமாக இருக்கலாம்.

நெடுக்கே கறுப்புக் கோடு: மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் பல விரல்களில் இருப்பது பெரும்பாலும் இயல்பே. ஒரே விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் பரவினால் உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாடகர் பாப் மார்லியின் உயிரை 1981-இல் பறித்த மெலனோமா, கால்விரல் நகத்தடியில் தொடங்கியது.

நகம் வளர பயோட்டின் மாத்திரை: குறைபாடு இல்லாதவருக்குப் பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் முடிவையும் தவறாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

அறுவைக்கு முன்: எல்லாப் பூச்சையும் எடுக்கச் சொல்வது ரத்த ஓட்டத்தின் நிறம் பார்க்கவும், ஆக்ஸிமீட்டர் தடுமாறாமல் இருக்கவும்தான். ஜெல் போட்டவர்கள் இதற்கு முதல் நாளே நேரம் ஒதுக்க வேண்டும்.

மருதாணி தோற்றுவிட்டதா?

ஆடி மாதம் இலை பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி வைத்துத் தூங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் நிறமி, நகத்தின் கெரட்டினோடு நேரடியாக இணைந்துவிடுகிறது. எலுமிச்சையின் புளிப்பு அந்த நிறமி வெளிவர உதவுகிறது. தோலில் ஒன்றிரண்டு வாரத்தில் மங்கும் நிறம், நகத்தில் வளர்ந்து வெட்டும்வரை நிற்கும். கழற்றும் வேலையே இல்லை. சுரண்டல் இல்லை, அசிட்டோன் இல்லை, விளக்கு இல்லை. இந்தக் கட்டுரையின் இரண்டு கேள்விகளுக்கும் இதைவிட நல்ல விடை வேறெந்த முறையிலும் இல்லை.

குறை, நிறம் ஒன்றே ஒன்று. பிடிக்கவில்லை என்றால் எடுக்கவும் முடியாது. ஆபத்து, மருதாணி என்ற பெயரில் வரும் கறுப்பு மெஹந்தி. அந்தக் கறுப்புக்காகச் சேர்க்கப்படுவது தலைச்சாயத்தில் உள்ள பாராஃபீனிலீன்டையமின். கொப்புளம் கிளப்பும், தழும்பாகும், பின்னாளில் தலைச்சாயம் போட்டாலே முகம் வீங்கும் நிலைக்கும் கொண்டுபோகும். ஜி6பி.டி. குறைபாடு உள்ள கைக்குழந்தைக்கு அசல் மருதாணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலை கொண்டுவரலாம். பச்சைக்குழந்தைக்கு வைக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் கை ஈரத்தில் இருப்பவர்களுக்குச் சாதாரண பாலிஷும் மருதாணியும். விசேஷத்துக்கு மட்டும் என்றால் பாலிஷோ ஒட்டு நகமோ. ஜெல்தான் வேண்டும் என்றால் வருடத்துக்குச் சில முறை, தேர்ந்த கையிடம், தோலில் வழியாமல், இடையில் மாதக்கணக்கில் வெறும் நகத்தோடு. நீள அக்ரிலிக்கை ஒப்பனையே தொழிலாகக் கொண்டவர்கள் தவிர வேறு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டூடியோவில் உட்காருவதற்கு முன்பே ஒன்றைக் கேளுங்கள்: "கழற்ற எவ்வளவு நேரம் ஆகும், எப்படிக் கழற்றுவீங்க?" ஊறவைத்து, அரைமணி நேரம் ஆகும் என்பவரிடம் உட்காரலாம். "ரெண்டே நிமிஷம், மெஷின்லயே எடுத்துடுவோம்" என்றால் எழுந்துவிடலாம்.

விரல்நுனி ஏற்கெனவே அரிக்கிறது, இமை தடிக்கிறது என்பவர்கள் இன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் அக்ரிலேட்டையும் சேர்க்கும்படி கேளுங்கள். நீங்கள் பயன்படுத்திய புட்டியையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாமை உறுதியானால் எந்தப் பொருள் என்பதை எழுதி வாங்கி, மருத்துவக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை பல் அடைக்கப் போகும்போதும், சர்க்கரை சென்சார் ஒட்டும்போதும், மூட்டு அறுவைக்குத் தேதி குறிக்கும்போதும், மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை முதலில் எடுத்து நீட்டுங்கள்.